துளைகளின் மேல் ஒரு சவ்வு

செல் சவ்வின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை அடுக்கிவிடலாம். இவ்வளவு மெல்லிய ஒன்றுதான் உயிரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பிரித்து வைத்திருக்கிறது. நரம்பில் மின்துடிப்பு ஓடுவதும், செல்லுக்குள் சர்க்கரை போவதும், வைரஸ் வாசல் தேடி ஒட்டிக்கொள்வதும் இந்தச் சவ்வில் நடக்கும் காரியங்கள். இதைச் செயற்கையாக விரிப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். முதலில் கண்ணாடியின் மேல் விரித்தேன். பிறகு நுண்துளைகள் நிறைந்த பொருள்களின் மேல் விரிக்கக் கற்றேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் உணரும் உண்மை ஒன்று உண்டு. சவ்வு தானாகவே உருவாகிக்கொள்கிறது. நாம் செய்வதெல்லாம் அது படுக்கும் தரையையும், அந்தத் தரைக்கு அடியில் இருக்கவேண்டிய தண்ணீரையும் தயார் செய்வதுதான்.

உயிருள்ள செல்லின் சவ்வையே நேராக ஆராயலாமே என்று பலர் கேட்பார்கள். ஆராயலாம், ஆராய்கிறோம். ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான வகை லிப்பிடுகளும் (கொழுப்பு மூலக்கூறுகள்) புரதங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு புரதத்திடம் ஒரே ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்க அங்கே வழியில்லை. தெரிந்த லிப்பிடுகளைத் தெரிந்த விகிதத்தில் கலந்து, அதில் நமக்கு வேண்டிய புரதத்தை மட்டும் வைத்தால் பதில் தெளிவாக வரும். இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் பெரும்பகுதி சவ்வுப் புரதங்களைக் குறிவைத்தே செய்யப்பட்டவை. ஆகவே இந்த வேலையின் பயன் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை.

சவ்வு என்பது இரண்டு அடுக்கு என்பதை 1925இல் ஹாலந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரென்டல் என்ற இருவர் காட்டினார்கள். சிவப்பணுக்களின் லிப்பிடுகளை அசிட்டோனில் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பில் ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பரப்பினார்கள். அது மூடிய பரப்பு அணுக்களின் மொத்தப் பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. அசிட்டோன் எல்லா லிப்பிடையும் எடுத்திருக்கவில்லை, அணுவின் பரப்பளவையும் அவர்கள் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள் என்பது பின்னாளில் தெரிந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டின. முடிவு நிலைத்தது. லிப்பிட் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலை ஒன்று, நீரை வெறுக்கும் வால்கள் இரண்டு. தண்ணீரில் போட்டால் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி இரண்டு அடுக்காக நின்றுகொள்ளும். இதை யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செயற்கைச் சவ்வை முதலில் கைப்படச் செய்துகாட்டியவர்கள் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் இருந்த முல்லர், ரூடின், டியென், வெஸ்காட் ஆகியோர். 1962இல் ஒரு சிறிய துளையின் குறுக்கே லிப்பிட் கரைசலைத் தூரிகையால் பூசினார்கள். பூசியது மெலிந்துகொண்டே போய், வானவில் நிறங்கள் காட்டி, கடைசியில் கருமையாகிவிடும். ஒளியின் அலைநீளத்தைவிட மிக மெல்லியதாகிவிட்டதால், முன்பக்கமும் பின்பக்கமும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. கருஞ்சவ்வு என்ற பெயர் அப்படி வந்தது. அதன் இரு பக்கமும் தண்ணீர் உண்டு, மின்தடை கிகாஓம் அளவுக்கு ஏறும். சவ்வின் குறுக்கே அயனிகளைக் கடத்தும் புரதங்களான அயனிவாய்களைப் பற்றி நமக்குத் தெரிந்த பலவற்றை இந்தச் சவ்வு சொல்லித்தந்தது. ஆனால் அதன் ஆயுள் குறைவு. மேசை அதிர்ந்தாலே கிழியும். ஒரு முனையில் கிழிந்தால் மொத்தமும் போய்விடும்.

உறுதிக்கு வழி 1980களில் ஸ்டான்ஃபோர்டில் கிடைத்தது. 1984இல் பிரையனும் மெக்கானலும், 1985இல் டாமும் மெக்கானலும் கண்ணாடி போன்ற திடப்பொருளின் மேலேயே சவ்வை விரித்துக் காட்டினார்கள். இந்தச் சவ்வு நாள்கணக்கில் நிற்கும், நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கலாம். நோயெதிர்ப்பு அணு ஒன்று இன்னொரு அணுவைத் தொடும் இடத்தில் புரதங்கள் எப்படி வளையம் வளையமாக அணிவகுக்கின்றன என்பதை 1999இல் கண்டதும் இத்தகைய சவ்வின் மேல்தான்.

ஆனால் கண்ணாடியின் மேல் படுத்த சவ்வுக்கு ஒரு குறை இருக்கிறது. சவ்வுக்கும் கண்ணாடிக்கும் இடையே இருக்கும் நீர்ப்படலம் ஒன்று அல்லது இரண்டு நானோமீட்டர்தான். லிப்பிடுகள் வழுக்கி ஓட அது போதும். புரதங்களுக்குப் போதாது. செல்லைச் சுற்றுப்புறத்தோடு பிணைக்கும் இன்டெக்ரின் போன்ற புரதத்தின் வெளிப்பகுதி, சவ்வின் தடிமனைப்போலப் பல மடங்கு நீண்டது. அது கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டு வந்தால் கண்ணாடியில் மோதி ஒட்டிக்கொள்ளும். வடிவம் கெடும், நகர்வும் நிற்கும். அயனிவாயை வைத்தாலும் அதன் வழியே இறங்கும் அயனிகள் போய்ச்சேர அடியில் இடமில்லை. சவ்வின் ஒரு பக்கம் உலகம், மறுபக்கம் சுவர்.

நுண்துளைப் பொருள்கள் இங்கேதான் உதவுகின்றன. கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். பின்னலின் பெரும்பகுதி இடைவெளிதான், ஆனாலும் உடம்பு கீழே விழுவதில்லை. அடியில் காற்றும் ஓடுகிறது. அதேபோல் துளைகளின் ஓரங்கள் சவ்வைத் தாங்க, துளைகளுக்குள் தண்ணீர் நிற்கும். கருஞ்சவ்வின் சுதந்திரமும் கண்ணாடிச் சவ்வின் உறுதியும் ஒரே இடத்தில் கிடைக்கும். எண்ணம் எளிது. அதை நடத்திக்காட்டுவதுதான் தொழில்.

வேலை லிப்பிடிலிருந்து தொடங்குகிறது. அதைக் குளோரோஃபார்மில் கரைத்துக் கண்ணாடிக் குப்பியில், உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே வைத்திருப்போம். பிளாஸ்டிக் அதன் அருகே போகக்கூடாது. குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கைக் கரைத்து அந்த அழுக்கையும் சவ்வுக்குள் கொண்டுவந்துவிடும். வேண்டிய அளவைக் கண்ணாடி ஊசியால் எடுத்து, குப்பியைச் சுழற்றிக்கொண்டே நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதினால் சுவரில் மெல்லிய பூச்சாகப் படியும். மிச்சக் குளோரோஃபார்மை வெற்றிடத்தில் வைத்து இழுத்துவிட வேண்டும். பிறகு பஃபர் என்ற உப்புக்கரைசலை ஊற்றிக் குலுக்கினால் பால்போல் வெளுக்கும். வெங்காயத் தோல்போல அடுக்கடுக்கான உருண்டைகள் அதில் மிதக்கும்.

இந்தப் பாலை இரண்டு கண்ணாடி ஊசிகளுக்கு நடுவே வைத்த பாலிகார்பனேட் வடிதாளின் வழியே முன்னும் பின்னுமாகத் தள்ளுவோம். வடிதாளின் துளை 50 அல்லது 100 நானோமீட்டர். முதல் சில தள்ளலில் கட்டைவிரல் நோகும், பிறகு எதிர்ப்பு குறைந்துவிடும். கரைசல் வெண்மை இழந்து, லேசான நீல மினுமினுப்போடு தெளிந்து வரும். ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் தள்ளி முடிப்போம். அப்போதுதான் முடிந்த கரைசல் எதிர்ப்பக்க ஊசியில் சேரும், ஒருமுறைகூட வடியாத உருண்டை அதில் கலக்காது. கையில் இருப்பது இப்போது ஒற்றைச் சவ்வால் ஆன நுண்குமிழ்கள். நாங்கள் வெசிக்கிள் என்போம். எந்த லிப்பிட் என்பதைப் பொறுத்து வெப்பநிலையும் முக்கியம். டி.பி.பி.சி. என்ற லிப்பிட் 41 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மெழுகுபோல் இறுகிவிடும். அதோடு வேலை செய்யும்போது ஊசி, வடிதாள், பஃபர் எல்லாமே அதற்கு மேல் சூடாக இருக்கவேண்டும். டி.ஓ.பி.சி.க்கு அந்தக் கவலை இல்லை. அது உறைநிலைக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 17 டிகிரி வரை இளகியே இருக்கும்.

அடுத்தது தரை. என் கையில் அதிகம் புழங்கியவை சிலிக்காவால் ஆன ஏரோஜெல்லும் சீரோஜெல்லும். சிலிக்கான் ஆல்காக்சைடு ஒன்றை ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்த்து விட்டால் மெல்ல மெல்ல ஜெல்லாக உறையும். அதன் உள்ளே சிலிக்காவின் நுண்ணிய வலை, இடைவெளியெங்கும் திரவம். அந்தத் திரவத்தை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சும்மா உலரவிட்டால் துளைக்குள் வளைந்து நிற்கும் நீர்மட்டம் சுவர்களை உள்நோக்கி இழுக்கும். 10 நானோமீட்டர் விட்டமுள்ள துளையில் அந்த இழுவை 250 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் போகும். வலை சுருங்கி, துளைகள் குறுகி, அடர்த்தியான சீரோஜெல் கிடைக்கும். 1931இல் சாமுவேல் கிஸ்ட்லர் இதற்கு மாற்று கண்டார். திரவத்துக்கும் வாயுவுக்கும் வேறுபாடு மறையும் நிலைக்கு அழுத்தத்தையும் வெப்பத்தையும் கொண்டுபோய்விட்டால், அங்கே நீர்மட்டமே இருக்காது, இழுவையும் இருக்காது. இன்று இதற்குப் பெரும்பாலும் கார்பன் டையாக்சைடைப் பயன்படுத்துகிறோம். 31 டிகிரி, 73 வளிமண்டல அழுத்தம் தாண்டினால் போதும். மிஞ்சுவது தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் காற்றாலான ஏரோஜெல்.

சவ்வுக்கு இதைவிட நல்ல தரை வேண்டுமா என்று தோன்றும். ஆனால் சவ்வு தண்ணீரில்தான் வாழும். காய்ந்த ஏரோஜெல்லில் தண்ணீர் ஏறும்போது, உலர்த்தும்போது தவிர்த்த அதே இழுவை திரும்பி வந்துவிடும். கண்முன்னே விரிசல் ஓடும். ஆகவே நேராகத் தண்ணீரில் போடமாட்டோம். முதலில் நீராவியில் வைத்து ஈரத்தைப் பழக்குவோம், அல்லது ஆல்கஹாலில் நனைத்துச் சிறிது சிறிதாகத் தண்ணீருக்கு மாற்றுவோம். சில நூறு டிகிரியில் முன்பே சுட்டுவைத்தால் சிலிக்கா வலை இறுகித் தாக்குப்பிடிக்கும். உறுதி முக்கியமான வேலைகளுக்குச் சீரோஜெல்லை எடுத்துக்கொள்வோம். அதன் துளைகள் சில நானோமீட்டர்தான் என்றாலும் தண்ணீரில் கலங்காமல் நிற்கும்.

ஈரம் என்பதற்கு இங்கே இன்னொரு பொருளும் உண்டு. துளைக்குள் ஒரு துளி காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் சவ்வு நிற்காது. காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையில் ஈரடுக்குச் சவ்வு உரிந்துவிடும். அதனால் பஃபரை வெற்றிடத்தில் வைத்துக் கரைந்த காற்றை வெளியேற்றுவோம். சிலிக்காவின் பரப்பும் நீரை விரும்பவேண்டும். ஆல்கஹாலில் உலர்ந்த ஏரோஜெல்லின் பரப்பில் கரிமக் குழுக்கள் ஒட்டியிருக்கும், அது தண்ணீரைத் தள்ளும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசல் இந்த மெல்லிய வலைக்கு முரடு. புற ஊதா ஒளியும் ஓசோனும் போதும். நீர்த்துளி ஒன்றை வைத்தால் அது உருண்டு நிற்காமல் பரவி மறையவேண்டும். அப்படிப் பரவியபின்தான் அடுத்த வேலையைத் தொடுவேன்.

இனி வெசிக்கிள்களை ஊற்றலாம். அவை பரப்பில் வந்து ஒட்டும், தட்டையாகும், நெருக்கம் கூடும். ஒரு கட்டத்தில் ஒன்று வெடித்து விரியும். விரிந்ததன் ஓரம் பக்கத்தில் இருப்பதையும் வெடிக்கவைக்கும். சில நிமிடங்களில் பரப்பு முழுவதும் ஒரே சவ்வு. சில மில்லிமோலார் கால்சியம் இந்த வேலையை முடுக்கிவிடும். வெடிக்காமல் முரண்டுபிடிக்கும் வெசிக்கிள்களுக்கு ஒரு வழி இருக்கிறது. உள்ளே உப்பு நிறைய வைத்து, வெளியே தூய தண்ணீரால் கழுவினால் உள்ளழுத்தத்திலேயே வெடித்துவிடும். இந்த நாடகத்தைக் குவார்ட்ஸ் படிகத் தராசில் நேராகப் பார்க்கலாம். 1998இல் ஸ்வீடனில் கெல்லரும் காசெமோவும் காட்டியதுபோல, வெசிக்கிள்கள் ஒட்டும்போது படிகத்தின் அதிர்வெண் ஆழமாக இறங்கும். அவை வெடித்து உள்ளிருந்த தண்ணீரை விட்டதும் மீண்டும் ஏறி, ஏறத்தாழ 26 ஹெர்ட்ஸ் குறைவில் நிலைகொள்ளும். நுண்துளைத் தரையில் துளைக்குள் நிற்கும் தண்ணீரும் கணக்கில் சேர்வதால் இந்த எண்ணை அப்படியே நம்பமுடியாது. வளைவின் வடிவத்தைப் படிக்கப் பழகவேண்டும்.

எந்தத் தரையில் வெடிக்கும், எதில் வெடிக்காது என்பது தரையைப் பொறுத்தது. சிலிக்காவில் வெடிக்கும். தங்கத்தின் மேல் பெரும்பாலும் உருண்டையாகவே ஒட்டி நிற்கும், அலுமினாவிலும் அப்படியே. துளையின் அளவும் முக்கியம். வெசிக்கிளைவிடப் பெரிய துளையானால் அது உள்ளே விழுந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். துளை சிறியதானால் சவ்வுக்கு முன்னே இரண்டு வழிகள். பரப்போடு ஒட்டும் ஆசையால் துளைக்குள் வளைந்து இறங்கலாம், அல்லது வளைவதற்கு ஆகும் செலவைத் தவிர்த்துத் துளையின் மேல் நேராகப் பாலம் போடலாம். சவ்வின் தடிமனுக்கு நெருங்கிய அளவுள்ள துளைக்குள் வளைந்து இறங்குவது அதற்கு மிகவும் கடினம், பாலம்தான் போடும். பல பத்து நானோமீட்டர் அகலமுள்ள மேடுபள்ளங்களில் ஏறி இறங்கியே போகும். எந்த நீளத்தில் எது வெல்லும் என்பதை லிப்பிடும் உப்பும் பரப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒரு தரையில் கிடைத்த பதிலை இன்னொரு தரைக்கு எடுத்துப்போக முடியாது.

சவ்வு விரிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? லிப்பிடோடு நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ ஒளிரும் சாயம் சேர்த்திருப்போம். ஃபுளோரசன்ஸ் நுண்நோக்கியில் பரப்பு முழுவதும் ஒரே சீராகச் சிவந்து தெரிந்தால், புதிதாக வருகிற மாணவர்களின் முகம் மலர்ந்துவிடும். அந்த இடத்தில் நான் அவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்வேன். வெடிக்காத வெசிக்கிள்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தாலும் அதே சிவப்புதான் தெரியும். ஆகவே ஒரு சிறு வட்டத்தின் மேல் கடுமையான ஒளியைப் பாய்ச்சிச் சாயத்தைச் சாகடிப்போம். வட்டம் கறுக்கும். சவ்வு தொடர்ச்சியாக இருந்தால் சுற்றியுள்ள லிப்பிடுகள் நகர்ந்து வந்து அந்தக் கறுப்பை நிரப்பும். தனித்தனி வெசிக்கிள்களாக இருந்தால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். கண்ணாடியின் மேல் ஒரு லிப்பிட் நொடிக்கு ஒன்று முதல் சில சதுர மைக்ரோமீட்டர் வேகத்தில் பரவும். அதாவது ஒரு பாக்டீரியாவின் நீளத்தை ஒரு நொடியில் கடந்துவிடும்.

நுண்துளைத் தரையில் இந்த மீட்சி பெரும்பாலும் மெதுவாகவே நடக்கும். சவ்வின் இளக்கம் குறைந்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதக்கூடாது. நுண்நோக்கி மேலிருந்து பார்க்கிறது. லிப்பிடோ மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி நடக்கிறது. நாம் அளப்பது அதன் நடையின் நிழல். மீட்சி முழுமையாக இல்லாமல் பாதியில் நின்றால் அது வேறு கதை. துளைகளுக்குள் முழு வெசிக்கிள்கள் சிக்கியிருக்கின்றன என்று பொருள். இன்னொரு சோதனையும் செய்வோம். டைத்தியோனைட் என்ற உப்பைச் சேர்த்தால் அது தொடக்கூடிய சாயத்தையெல்லாம் அணைத்துவிடும். சவ்வு ஓட்டையில்லாமல் இருந்தால் மேலடுக்கின் சாயம் மட்டும் அணைந்து, ஒளி பாதியாகும். கீழடுக்கும் அணைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. இந்த இரண்டு சோதனைகளையும் தாண்டாத சவ்வின் மேல் புரதத்தை வைக்க நான் சம்மதித்ததில்லை.

துளைகளை ஒழுங்காக அடுக்கவும் இப்போது முடியும். அலுமினியத் தகட்டை ஆக்சாலிக் அமிலத்தில் நேர்மின்முனையாக வைத்தால் அதன் மேல் தேனடைபோலத் துளைகள் எழும். ஜப்பானின் மசூதாவும் ஃபுகுதாவும் 1995இல் இதை ஒழுங்கான வரிசையில் செய்துகாட்டினார்கள். ஜெர்மனியில் கிளாடியா ஸ்டைனெம் குழு அந்தத் துளைகளின் விளிம்பில் தங்கம் பூசி, அதில் கந்தகத்தால் ஒட்டும் லிப்பிடை வைத்து, துளைகளின் குறுக்கே சவ்வை விரித்தது. 2004இல் வெளிவந்த அந்த வேலையில் மின்தடை கருஞ்சவ்வின் கிகாஓமைத் தொட்டது, சவ்வு நாள்கணக்கில் நின்றது. கிழிந்தால்கூட ஒரு துளையின் மேல் உள்ள துண்டுதான் கிழியும், பக்கத்துத் துளையின் சவ்வு அப்படியே இருக்கும். 1962இல் இருந்த அந்தப் பலவீனத்துக்கு இது நேரான விடை.

இதே அறிவு மருந்துத் துறைக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஜெஃப்ரி பிரிங்கர் குழு நுண்துளைச் சிலிக்காத் துகள்களின் துளைகளில் புற்றுநோய் மருந்தை நிரப்பி, வெளியே லிப்பிட் சவ்வைப் போர்த்தியது. மருந்தைச் சுமப்பது துளை, கசியாமல் காப்பது சவ்வு. சவ்வின் மேல் கல்லீரல் புற்றணுவைத் தேடிப் பிடிக்கும் ஒரு சிறு பெப்டைடை வைத்தார்கள். லிப்பிடுகள் நகரக்கூடியவை என்பதால் அந்தப் பெப்டைடுகள் புற்றணுவைத் தொடும் இடத்தில் ஒன்றுகூடிப் பிடிக்கும். இதனால் கொஞ்சம் பெப்டைடே போதும். 2011இல் வெளிவந்த அந்தக் கட்டுரை எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஊக்கம். சவ்வின் இளக்கம் அழகுக்கு இருப்பதல்ல, அது வேலை செய்கிற பண்பு என்பதை அது எல்லோருக்கும் புரியவைத்தது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லிப்பிடைப் பற்றி நிறையப் படிப்பீர்கள், படிக்கவும் வேண்டும். ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பங்கைத் தரைக்குக் கொடுங்கள். துளையின் அகலம் என்ன, அதன் சுவர் தண்ணீரை விரும்புகிறதா, உள்ளே காற்று இருக்கிறதா, ஈரம் ஏறும்போது வலை தாங்குமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்தபிறகே வெசிக்கிளைத் தொடுங்கள். உயிருள்ள செல்லிலும் சவ்வு வெறும் சுவரின் மேல் படுத்திருப்பதில்லை. அதன் அடியில் புரத நூல்களால் ஆன ஒரு வலை இருக்கிறது, வலையின் கண்களில் தண்ணீர் இருக்கிறது. நுண்துளைத் தரையில் நாம் செய்வது அந்த ஏற்பாட்டின் எளிய வடிவம். கருஞ்சவ்வுக்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சவ்வை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதையே கற்றுவந்திருக்கிறோம். அதற்குத் தாங்கல் எவ்வளவு தேவையோ அதே அளவு இடைவெளியும் தேவை என்பதுதான் கிடைத்த விடை. எவ்வளவு தாங்கல், எவ்வளவு இடைவெளி என்பதை ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கவேண்டும். அந்த வேலை இன்னும் பெருமளவு மிச்சமிருக்கிறது. பொறுமையும் சுத்தமான கையும் உள்ள யாரும் அதில் பங்கெடுக்கலாம்.